வலிக்காத கட்டு

"இதைப் போட்டுக்கினு நான் திண்டிவனம் வரைக்கும் நடந்தே போயிடுவேன் சார். நடுவுல மயிலம் மலையையும் ஒரு தரம் ஏறி எறங்கிட்டுப் போவேன்" என்றான் விருத்தாசலம்.

அவன் வலது தொடையில் ஒரு துண்டு வளையமாக மாட்டியிருந்தது. காய்ந்த ரத்தத்தில் தோல் மாதிரி விறைத்துப்போன துண்டு. முடிச்சுக்குள் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி முறுக்கி, முறுக்கு பின்னுக்கு ஓடாதபடி குச்சியின் நுனியை ஒரு கந்தலால் கட்டியிருந்தார்கள். செத்தவன் காலிலிருந்து வந்த துண்டு அது. அந்த நினைப்பு மனசுக்குள் வராமல் இருப்பதற்காகத்தான் விருத்தாசலத்தின் வாய் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

துப்பறியும் தேவநாதன் சிரிக்கவில்லை. "கழட்டு" என்றார்.

விருத்தாசலம் குச்சியில் கை வைத்தான்.

"முறுக்கை அவிழ்க்காதே. அப்படியே உருவு."

உருவினான். முழங்காலைத் தாண்டி, கெண்டைக்காலைத் தாண்டி, பாதத்தின் வழியாக வளையம் கையோடு வந்துவிட்டது.

"உன் புருஷன் தேவசகாயம் இவனைவிடப் பருமனாம்மா?"

சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த சவுரியம்மாள் தலையை ஆட்டினாள். நாற்காலி போட்டும் அவள் அதில் உட்காரவில்லை. "இல்லீங்க ஐயா. இன்னும் ஒல்லி. ஆஸ்பத்திரியிலயும் ஆயா இப்படித்தான் உருவிப் போட்டா. வளையல் கழட்டற மாதிரி."

விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டியிருந்த ஓட்டுக் கொட்டகை அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் வந்த நாளிலிருந்து ரயில்வே ஆட்களுக்கு அங்கே முதலுதவி வகுப்பு நடந்துவந்தது. சொல்லிக்கொடுப்பவர் ரயில் கார்டு வேங்கடேசன். ரயில்வே போலீஸில் தேவநாதன் இருந்த காலத்துச் சிநேகிதர். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த பிறகும் தேவநாதன் சந்தேகம் கேட்க இவரிடம்தான் வருவார்.

சவுரியம்மாள் முந்தின நாள்தான் அந்தத் துண்டோடு தேவநாதனையும் அவர் உதவியாள் விருத்தாசலத்தையும் தேடி வந்திருந்தாள். கதை சின்னதுதான். அவள் வசித்த சேரியில் தீ வைத்தது பண்ணைக்காரர் சீனுவாசனின் தம்பி. கண்ணால் பார்த்தது அவள் புருஷன் தேவசகாயம் ஒருத்தன். விழுப்புரம் கோர்ட்டில் சாட்சி சொல்ல அவன் கிளம்பினான். இவளும் கூடப் போனாள். பெட்ரோல் பஞ்சத்தில் அந்த ரோட்டில் ஓடியது கரி எரித்து ஓடும் ஒரே ஒரு பஸ். தம்பியின் கேஸுக்காகச் சீனுவாசனும் அதில்தான் ஏறியிருந்தார். மயிலம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் சக்கரம் கழன்று, பஸ் புளியமரத்தில் மோதிப் படுத்துக்கொண்டது. தகரம் கிழித்துத் தேவசகாயத்தின் தொடை பிளந்துபோயிற்று.

எல்லோரும் அலறிக்கொண்டு நின்றபோது ஓடிவந்து கட்டுப் போட்டவர் சீனுவாசன். விரோதியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, தன் தோள் துண்டையே கிழித்துக் கட்டினார். மாட்டு வண்டியைத் தானே பிடித்து, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வண்டி வாசலைத் தொடுவதற்குள் தேவசகாயம் போய்ச் சேர்ந்துவிட்டான். சாட்சி இல்லாமல் தம்பி விடுதலையானான். சீனுவாசனுக்கோ திண்டிவனத்தில் மாலை போட்டார்கள்.

"நானும் அவரு கால்ல விழுந்தேங்க" என்றாள் சவுரியம்மாள். "ஆஸ்பத்திரி வாசல்ல. சாமி, எம்மாம் பாடுபட்டீங்க, நான் குடுத்து வெக்கலன்னு சொல்லி விழுந்தேன்."

தேவநாதன் துண்டை வேங்கடேசனிடம் நீட்டினார். "தெரியாதவன் கட்டின கட்டா இது?"

வேங்கடேசன் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேச்சே! வலது மேல இடது, இடது மேல வலது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர வழுக்காது. குச்சிக்குக் காப்புக் கட்டியிருக்கான் பாருங்க, இது பட்டாளத்து வழக்கம். என் வகுப்புல மூணு தடவை சொல்லிக் குடுத்தும் வராது."

"அப்புறம் ஏன் வளையல் மாதிரி கழண்டு வருது?"

கார்டின் முகம் மாறியது. "அதுதான் சார் எனக்கும் புரியலை. கால்ல ரத்தம் உள்ளே போற குழாய் ஆழத்துல ஓடுது. திரும்பி வர்ற குழாய் மேலாக இருக்கு. லூசாக் கட்டினா திரும்புற வழி மட்டும் அடைபடும். உள்ளே போறது போய்க்கினே இருக்கும். வழியில்லாத ரத்தம் எங்கே போகும்? காயத்து வழியாத்தான். கட்டே போடாம விட்டிருந்தாக்கூட இதைவிடக் கம்மியாத்தான் போயிருக்கும்."

"சரியாக் கட்டினா ஆள் எப்படி இருப்பான்?"

"கத்துவான். கட்டினவனோட அப்பன் பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டுவான். அந்த வலியைத் தாங்க முடியாது சார். வலிக்கலைன்னா கட்டு சரியில்லைன்னு அர்த்தம்."

சவுரியம்மாள் மெல்ல எழுந்து நின்றாள். "வண்டியில வரும்போது அவரு சொன்னாருங்க. கட்டு வலிக்கவே இல்ல புள்ள, கால் மட்டும் கனமா இருக்குதுன்னு. காலைச் சாக்குப் போட்டு மூடியிருந்தாங்க. ஒடம்பு சூடா இருக்கணும், சாக்கை எடுக்காதே, கட்டைத் தொடாதே, தொட்டா செத்துடுவான்னு அந்தாளு சொல்லி அனுப்பிச்சாரு. நான் தொடவே இல்ல."

"தொட்டிருக்கலாம்மா" என்றார் வேங்கடேசன், யோசிக்காமல். "ஒரு துணியை மடிச்சு வெச்சு, ரெண்டு கையாலயும் முழு பலத்தோட அமுக்கிக்கினே வந்திருந்தா, பொழைக்க வழி இருந்தது."

"வெறுங்கையாலயா?"

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்தாள். களை வெட்டி, மல்லாட்டைச் செடி பிடுங்கிக் காய்த்துப்போன கைகள். ஒரு மூட்டையைத் தூக்கி இன்னொருத்தி தலையில் ஏற்றக்கூடிய கைகள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, புருஷன் பக்கத்திலேயே அத்தனை தூரம் சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

விருத்தாசலம் அந்தத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

*

திண்டிவனம் பாசஞ்சரில் அவள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "எனக்குக் கோர்ட்டு வேணாங்க ஐயா. கோர்ட்டை நம்பிப் போய்த்தான் அவரு செத்தாரு. எனக்கு அந்தாளு ரத்தம் வேணும்."

"ரத்தம் மட்டும் போதும்னா ஒரு அரிவாள் போதும். நான் எதுக்கு?" என்றார் தேவநாதன் ஜன்னலைப் பார்த்தபடி. "ரத்தம் சிந்தினா ஊர் அவனைத்தான் பார்த்துப் பரிதாபப்படும். இன்னொரு மாலை போடும். உனக்கு அது வேணுமா?"

விருத்தாசலம் அவர் காதருகே குனிந்தான். "சார், நம்ம கையில இருக்கிறது ஒரு முடிச்சு. அந்தாளு, எனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டினேன், போறாத காலம் செத்துட்டான்னு சொன்னா நாம என்ன பண்றது?"

"சொல்லுவான். கட்டத் தெரியும்னு அவன் வாயால வரணும். அது ஒண்ணுதான் பாக்கி."

"வாயைக் கட்டறவனைப் பாத்திருக்கேன். கட்டினவன் வாயைத் திறக்கிற வித்தையை இப்பத்தான் பாக்கப் போறேன்."

*

சீனுவாசன் திண்டிவனத்தில் தன் மல்லாட்டை மண்டியில் இருந்தார். உச்சி வெயில். முற்றம் முழுக்க நிலக்கடலைக் காய் குவிந்து கிடந்தது. பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்குக்கு வாய் தைக்கிற ஆட்கள் ஒரு பக்கம். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண். தேவநாதனைப் பார்த்ததும் மோர் கொண்டுவரச் சொன்னார். பின்னால் நின்ற சவுரியம்மாளைப் பார்த்து, "இன்னா புள்ள, கூலிக்கு வந்தியா? வேலை குடுக்கச் சொல்றேன்" என்றார் இரக்கத்தோடு.

தேவநாதன் நேராக விஷயத்துக்கு வந்தார். "அன்னிக்கு நீங்க போட்ட கட்டைப் பாத்தேன். பிரமாதம். எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கறதா! மாட்டுக்குக் காயம் பட்டா கட்டறதில்லையா? அந்த மாதிரி ஏதோ கட்டினேன். எனக்கு இன்னா தெரியும்? பொழைக்கட்டும்னு ஒரு ஆசை. அவன் விதி."

"சின்ன வயசுல பட்டாளத்துல இருந்தீங்களோ?"

"பட்டாளமா? ரங்கூன்ல மர ஆலையில இருந்தேன், அம்மாந்தான்."

தேவநாதன் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "அந்த முடிச்சை எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். உபயோகமா இருக்கும்."

சீனுவாசன் சிரித்தார். கைக்குட்டையை வாங்கி விருத்தாசலத்தின் மணிக்கட்டில் சுற்றி, ஒரு கிறுக்கு முடிச்சுப் போட்டார். விருத்தாசலம் கையை உதறியதும் முடிச்சு அவிழ்ந்து கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? அம்மாந்தான் நம்ம கைவேலை" என்றார் சீனுவாசன். "அன்னிக்கு ஏதோ சாமி புண்ணியத்துல நின்னுது."

துப்பு அத்தோடு செத்தது. விருத்தாசலம் தன் எஜமானின் முகத்தைப் பார்த்தான். தேவநாதன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருந்தார். இந்த ஆளுக்குத் தெரியும் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் ஒரு துரும்பும் இல்லை.

சீனுவாசன் சவுரியம்மாள் பக்கம் திரும்பினார். "போனவன் போயிட்டான். நீ அன்னிக்கு என் கால்ல விழுந்து அழுதியே, அதை நெனைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. போ, போய் வேலையைப் பாரு." சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

சாக்குக் கயிறு அறுக்கிற கத்தி மூட்டைமேல் கிடந்தது. அவள் அதை எடுத்ததை விருத்தாசலம் பார்க்கவில்லை. அவள் கை வீசியதைத்தான் பார்த்தான். வெள்ளை வேட்டியின் பின்பக்கம், தொடைக்கு நேராக, சிவப்பாக ஒரு கோடு. கோடு கண்ணெதிரே அகலமாயிற்று.

சீனுவாசன் குப்புற விழுந்தார். பெண்கள் முறத்தோடு எழுந்தார்கள். யாரோ ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். சவுரியம்மாள் ஓடவில்லை. கத்தி கையிலிருந்து நழுவிக் காய்க் குவியலில் விழுந்தது.

தேவநாதன் ஒரே பாய்ச்சலில் சீனுவாசனின் மேல் மண்டியிட்டார். வேட்டியை ஒதுக்கி, காயத்தைக் குனிந்து பார்த்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டார். "விருத்து! துண்டைக் குடு! குச்சி ஒண்ணு கொண்டா! ஜல்தி!"

விருத்தாசலம் முறத்தின் விளிம்புக் குச்சியைப் பிய்த்துக்கொண்டு வந்தான். அவர் விரலிடுக்கில் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது.

"பீச்சுதா?" என்றார் சீனுவாசன். முகம் சாக்கில் புதைந்திருந்தது. "ரத்தம் பீச்சி அடிக்குதா, சும்மா வழியுதா?"

"பீச்சுது" என்றார் தேவநாதன்.

"நெறம்? நெறம் இன்னா? கருஞ்செவப்பா, நல்ல செவப்பா?"

"நல்ல செவப்பு."

"ஐயோ பெருமாளே! கட்டு, கட்டு! காயத்துக்கு மேல கட்டு!"

தேவநாதன் காயத்துக்கு மேலாகத் துண்டைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார், குச்சியைச் செருகினார், ஒரே ஒரு முறுக்கு முறுக்கினார். அத்தோடு கையை எடுத்துவிட்டார். "வலிக்குதா?"

"இல்ல."

"நல்லது. ஆச்சு. வண்டி வரட்டும். விருத்து, ஒரு சாக்கை எடுத்துக் காலை மூடு. ஒடம்பு சூடா இருக்கட்டும்."

விருத்தாசலம் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். காலையில் கார்டு சொன்னது காதுக்குள் அப்படியே ஒலித்தது. வலிக்கலைன்னா கட்டு சரியில்லை. அவன் அறிந்த தேவநாதன், கொலைகாரனுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் விலங்கு மாட்டுவார். அந்த மனுஷன் இப்போது ஒருத்தனைக் கண்ணெதிரே சாகவிடுகிறார். அவர் முகத்தைப் பார்த்தான். கல்.

"சார்..." என்றான்.

"மூடுன்னு சொன்னேன்."

மூடினான். சவுரியம்மாள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை; கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்குக்கு அடியில் சீனுவாசனின் கால் ஒரு தடவை உதறிற்று. பிறகு அவர் கத்தினார்.

"மூடாதே! சாக்கை எடு! மடையா, இது கட்டா? இறுக்கு! இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கு!"

"வலிக்கும் சார்" என்றார் தேவநாதன்.

"வலிக்கட்டும்! உசுரு போற மாதிரி வலிக்கணும்! வலிக்காத கட்டு ஆளைக் கொன்னுடும்! லூசாக் கட்டினா இன்னும் ஜாஸ்தியா ரத்தம் போகும்!"

"அப்படியா? உங்களுக்கு மாட்டுக்கட்டுத்தானே தெரியும்?"

"போன யுத்தத்துல பாஸ்ராவுல ஸ்ட்ரெச்சர் தூக்கினவன்டா நான்! இந்த மாதிரி லூசுக் கட்டால எத்தனை பேர் செத்தானுங்க, எனக்குத் தெரியாதா? ரெண்டு மைல் தாங்காதுடா! ரெண்டு மைலுக்குள்ள ஆளு காலி! அவனே..."

அவர் வாய் அங்கே நின்றது.

புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் தேவசகாயத்தின் சேரிக்காரர்கள். முறத்தைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"அவனே?" என்றார் தேவநாதன் சாந்தமாக. "அவனே மயிலம் கூட்டுரோட்டிலிருந்து திண்டிவனம் வர்றதுக்குள்ள செத்துட்டான்னு சொல்ல வந்தீங்க. சொல்லுங்க."

சீனுவாசன் சாக்கில் முகத்தை அழுத்திக்கொண்டார்.

தேவநாதன் குச்சியை உருவி எறிந்தார், துண்டை அவிழ்த்தார். அதை நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். "விருத்து, இங்கே வந்து பாரு."

விருத்தாசலம் எட்டிப் பார்த்தான். அவர் துணியை லேசாகத் தூக்கிக் காட்டினார். நீளமான கீறல்தான், ஆழமே இல்லை. கறுப்பாகக் கசிந்து, அதுவும் நிற்கத் தொடங்கியிருந்தது.

"பீச்சுதுன்னு சொன்னீங்களே சார்?"

"அவர் கேட்டார். அவருக்குப் பிடிச்ச பதிலைச் சொன்னேன்."

விருத்தாசலம் மூச்சை விட்டான். "என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவும் உங்களைத்தான் கூட்டிக்கினு போகணும். முகத்துல ஒண்ணும் தெரியாது."

சவுரியம்மாள் கிட்டே வந்து குனிந்து காயத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "அம்மாந்தானா?"

அதற்குள் ஏட்டு பச்சைமுத்து சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். ரத்தத்தையும் கத்தியையும் பார்த்தார், சவுரியம்மாளைப் பார்த்தார். "வெட்டினது நீயா?"

"ஏட்டு, ஒண்ணுமில்ல!" குப்புறக் கிடந்தபடியே சீனுவாசன் கையை ஆட்டினார். "சின்னக் கீறல். தவறிப் பட்டுடுச்சு. கேஸெல்லாம் வேணாம். பாவம், புருஷன் செத்த பொம்பள. அவளை விட்டுடு."

பச்சைமுத்து திகைத்துப் போனார். பண்ணைக்காரர் மேல் கை வைத்தவளைப் பண்ணைக்காரரே விடச் சொல்கிறார். "பெரியவரே சொல்றாரு. போம்மா, போ. பொழைச்சுப் போ" என்று சைக்கிளைத் திருப்பினார்.

விருத்தாசலத்துக்கு விஷயம் புரிந்தது. இவ்வளவும் சந்தைக் கூச்சலாகப் போய்விடும். நாளைக்கு இந்த மண்டியில் ஒருத்தரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேவநாதன் காயத்திலிருந்து கையை எடுக்காமல் சவுரியம்மாளை மட்டும் பார்த்தார். "அம்மா, உன் மேல கேஸ் இருந்தா, இவர் வெட்டுப்பட்டப்போ என்னென்ன கத்தினாருன்னு கோர்ட்டு கேட்டே ஆகணும். இங்கே நின்ன ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கும். கேஸ் இல்லைன்னா, கேக்க ஆளில்லை. ஆனா கேஸ்னா நீ ஜெயிலுக்கும் போக வேண்டி வரும். நான் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்."

அவள் சாக்குமேல் கிடந்தவரைப் பார்த்தாள். அப்புறம் நேராகப் போய் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"நான்தான் வெட்டினேன். எழுது."

"எழுதாதே!" என்று அலறினார் சீனுவாசன். "ஏட்டு, நான் புகார் குடுக்க மாட்டேன்! புள்ள, உனக்கு நெலம் எழுதித் தரேன், போயிடு!"

"கெடக்கட்டும், நீ எழுது. எதுக்கு வெட்டினேன்னு கேளு, சொல்றேன். வெட்டுப்பட்டதும் இவன் இன்னா பேசினான்னு இவளுங்களைக் கேளு, சொல்லுவாளுங்க."

பச்சைமுத்து கூட்டத்தைப் பார்த்தார். முறத்தோடு நின்ற ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. மண்டி ஆட்கள் மட்டும் தரையைப் பார்த்தார்கள்.

"பெரிய எடத்து விவகாரம்மா" என்று முனகினார் ஏட்டு. "சின்னக் கீறல்தானே. இதுக்குப் போய் எழுதணுமா?"

சவுரியம்மாள் மல்லாட்டைக் குவியல் பக்கம் திரும்பி, கத்தியைத் தேடிப் பார்த்தாள்.

"எழுதறதுக்கு இந்த வெட்டு பத்தலன்னா சொல்லு ஏட்டு. ஆளும் இங்கதான் கெடக்கறான், கத்தியும் இங்கதான் கெடக்குது."

பச்சைமுத்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பாக்கெட்டைத் தடவிப் பென்சிலை எடுத்தார்.

"பேரு?" என்றார்.